ஒலியை முந்திய விமானம்: கான்கார்டின் வடிவம் கற்பிக்கும் பாடம்

மின்னல் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. இடி பிறகுதான் காதுக்கு எட்டுகிறது. ஒளியைவிட ஒலி மெதுவாகச் செல்வதே காரணம் என்பது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். மெதுவாக என்றாலும் அந்த வேகம் சாதாரணமானதன்று. தரைமட்டத்தில், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,225 கிலோமீட்டர். நாம் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் ஜெட் விமானங்கள் மணிக்கு 850 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறக்கின்றன. ஒலியை நெருங்குகின்றன, ஆனால் முந்துவதில்லை.

முந்திய விமானம் ஒன்று இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய கான்கார்ட் 1969 மார்ச் 2 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் முதன்முதலாகப் பறந்தது. 1976 ஜனவரி 21 முதல் 2003 வரை, ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் அது பயணிகளை ஏற்றிச் சென்றது. லண்டனில் காலை பத்தரை மணிக்குப் புறப்பட்டவர்கள், நியூயார்க்கின் கடிகாரம் அதே நாள் காலை ஒன்பதரையைக் காட்டும்போது அங்கே இறங்கினார்கள். இரு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் 5 மணி. பயணம் சுமார் நான்கு மணி நேரம்தான். சூரியனையே முந்திக்கொண்டு போனார்கள் எனலாம்.

இத்தனை வேகத்துக்கும் இஞ்சினின் பலமே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இஞ்சின் பாதிக் கதைதான். மீதிப் பாதி, விமானத்தின் வடிவம். அந்த வடிவம் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க முடியாமல் போயிற்று என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

காற்றுக்கு எட்டாத முன்னறிவிப்பு

சந்தை நாளில் நெரிசலான தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். குரல் முன்னே போகிறது. கூட்டம் விலகி வழிவிடுகிறது. வண்டி இடிபடாமல் செல்கிறது. சாதாரண விமானமும் இப்படித்தான் பறக்கிறது. அதன் மூக்கு காற்றைத் தள்ளும்போது உண்டாகும் அழுத்த மாறுதல், ஒலியின் வேகத்தில் முன்னே பரவுகிறது. எதிரே உள்ள காற்று, விமானம் வந்து சேரும் முன்பே மெல்ல வளைந்து வழிவிடத் தொடங்கிவிடுகிறது.

வண்டி தன் குரலையே முந்திக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? கூட்டத்துக்கு எந்த அறிவிப்பும் கிடைக்காது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றின் கதியும் இதுதான். விமானம் தன் மேல் மோதும் கணம் வரை அது அசைவதில்லை. மோதிய கணத்தில், தாளைவிட மெல்லிய ஓர் அடுக்குக்குள் அதன் அழுத்தமும் வெப்பமும் திடீரென எகிறுகின்றன. இந்த அடுக்குக்கு அதிர்ச்சி அலை என்று பெயர். பறக்கும் துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் இவ்வலை நிற்பதைப் புகைப்படமாகவே 1887இல் வெளியிட்டவர் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியல் அறிஞர். அவர் பெயரால்தான் வேகத்தை 'மாக்' என்று அளக்கிறோம். ஒலியின் வேகம் மாக் 1. அதன் இரு மடங்கு மாக் 2.

அமைதியான ஏரியில் படகு விரைந்து செல்லும்போது அதன் முனையிலிருந்து இருபுறமும் அலை விரிந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தின் மூக்கிலிருந்தும் அதுபோன்ற அலை எழுகிறது. ஆனால் அது எல்லாத் திசையிலும் விரிவதால் கூம்பாக இருக்கும். வேகம் கூடக் கூடக் கூம்பு ஒடுங்கும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கூம்பின் பாதிக் கோணத்தின் சைன் மதிப்பு, ஒன்றை மாக் எண்ணால் வகுத்தால் வருவது. மாக் 2 என்றால் சைன் மதிப்பு அரை. கோணம் 30 பாகை. பத்தாம் வகுப்பு முக்கோணவியல், விமானம் வடிவமைப்பவரின் மேசையிலும் இருக்கிறது!

மெலிந்த உடல், தட்டையான இறக்கை

அதிர்ச்சி அலையை உண்டாக்கச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி விமானத்தின் எரிபொருளிலிருந்துதான் வரவேண்டும். சாதாரணக் காற்றுத்தடையோடு புதிதாகச் சேரும் இந்தச் சுமையை அலைத்தடை என்று சொல்லலாம். மொத்தையான உடலும் தடித்த இறக்கையும் இருந்தால் அலைத்தடை மிகக் கடுமையாகும்.

எனவே கான்கார்டை ஊசிபோல் செய்தார்கள். நீளம் சுமார் 62 மீட்டர். உடலின் அகலமோ 3 மீட்டருக்கும் குறைவு. நடுவில் நடைவழி, இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள், மொத்தம் சுமார் 100 பேர், அவ்வளவுதான் இடம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள நீளத்தை 100 பங்கு என்று கொண்டால், அதன் தடிமன் சுமார் 3 பங்குதான்.

இறக்கையைப் பக்கவாட்டில் நீட்டாமல் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 25.6 மீட்டர் மட்டுமே. நாம் சொன்ன 30 பாகைக் கூம்புக்குள் முழு இறக்கையும் அடங்கிவிடுகிறது. இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. முன்விளிம்பு சாய்ந்திருப்பதால், எதிர்வரும் காற்றின் வேகத்தில் ஒரு பங்கு மட்டுமே அவ்விளிம்பைச் செங்குத்தாகத் தாக்குகிறது. விமானம் மாக் 2இல் பறந்தாலும், அந்தப் பங்கு ஒலிவேகத்துக்குக் கீழேயே இருக்கிறது. விளிம்பைப் பொறுத்தவரை, ஏமாற்றப்பட்ட காற்று ஓரளவு மென்மையாகவே வழிவிடுகிறது.

மேலிருந்து பார்த்தால் இவ்விறக்கை முக்கோணமாகத் தெரியும். இவ்வகைக்கு டெல்டா என்று பெயர். தஞ்சைப் பகுதியைக் காவிரி டெல்டா என்கிறோமே, அதுவும் அதே கிரேக்க எழுத்தின் முக்கோண உருவத்தால் வந்த பெயர்தான். கான்கார்டின் டெல்டா நேர்க்கோட்டு முக்கோணம் அன்று. மூக்கின் அருகே மெல்லத் தொடங்கி, வளைந்து வளைந்து அகலும்.

வேகத்துக்கு ஏற்றது, இறங்குவதற்கு ஏற்றதா?

இங்கேதான் சிக்கல். மாக் 2இல் பறக்கும் விமானம் கடைசியில் ஓர் ஓடுபாதையில் இறங்கித்தான் ஆகவேண்டும். மெதுவாகப் பறக்க நீண்ட, தடித்த, வளைந்த இறக்கை வேண்டும். கழுகையும் பருந்தையும் பாருங்கள். சிறகை அகல விரித்தே மிதக்கின்றன. கான்கார்டின் குட்டையான, தட்டையான இறக்கை மெதுவான வேகத்தில் விமானத்தைத் தாங்குமா?

இறக்கையையே நகர்த்தி, மெதுவாகச் செல்லும்போது விரித்து, விரைவில் மடக்கலாம் என்று அமெரிக்காவின் போயிங் நிறுவனம் முதலில் முயன்றது. அதற்கான இயந்திரங்களின் எடையே தாங்க முடியாததாயிற்று. பின்னர் நகராத இறக்கைக்கு மாறியும் பயனில்லை; 1971இல் அரசு பணம் தர மறுக்கவே திட்டம் கைவிடப்பட்டது.

விடை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. அங்கே பணியாற்றிய டீட்ரிக் கியூஷமன், யோஹன்னா வேபர் என்னும் இருவர் 1950களில் மெலிந்த டெல்டா இறக்கையை ஆராய்ந்தார்கள். இருவரும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். வேபர் கணிதம் கற்ற பெண்மணி.

அவர்கள் பயன்படுத்திக்கொண்ட உண்மை இது: டெல்டா இறக்கையை மூக்கு உயரச் சாய்த்துப் பிடித்தால், கீழே அழுத்தம் மிகுந்த காற்று கூரிய முன்விளிம்பைச் சுற்றி மேலே பாய்கிறது. பாய்ந்த காற்று சுருண்டு, விளிம்பை ஒட்டி நீளும் ஒரு சுழலாகிறது. இரண்டு பக்கமும் இரண்டு சுழல்கள். வாய்க்கால் மதகடியில் நீர் சுழலும்போது நடுவில் குழி விழுவதுபோல், காற்றுச் சுழலின் நடுவிலும் அழுத்தம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தம் இறக்கையை மேல்நோக்கி இழுக்கிறது. பொதுவாக, இறக்கையின் மேலே காற்று பிய்ந்து சுழன்றால் விமானம் விழும் என்று அஞ்சுவார்கள். இங்கே அந்தச் சுழலே தாங்கும் தூணாயிற்று. ஈரப்பதமான நாட்களில் கான்கார்ட் இறங்கும்போது, இறக்கையின் மேல் இச்சுழல்கள் வெண்ணிற ஆவியாகக் கண்ணுக்கே தெரிந்தன.

எழுதிய கணக்கை நம்பி மட்டும் பயணிகளை ஏற்றிவிடவில்லை. மெலிந்த டெல்டா மெதுவாகப் பறக்கும்போது விமானியின் கட்டுக்குள் இருக்குமா என்று பார்க்கவே ஹாண்ட்லி பேஜ் 115 என்ற சிறு விமானத்தைக் கட்டி 1961 முதல் பறந்து பார்த்தார்கள். கான்கார்டின் வளைந்த இறக்கை வடிவத்தைப் பழைய போர் ரகச் சோதனை விமானம் ஒன்றில் பொருத்தி 1964இல் சோதித்தார்கள்.

ஒரு தீர்வு, அடுத்த சிக்கல்

சுழல் உருவாக மூக்கை நன்கு தூக்க வேண்டும். இறங்கும்போது கான்கார்ட் சுமார் 11 பாகை மூக்கை உயர்த்தி வந்தது. அப்படியானால் நீண்ட மூக்கு விமானிக்கு ஓடுபாதையை மறைக்கும். ஆகவே மூக்கையே கீழே மடங்குமாறு செய்தார்கள். புறப்படும்போது 5 பாகை, இறங்கும்போது 12.5 பாகை அது தாழ்ந்தது. படங்களில் நாம் காணும் பறவை அலகு போன்ற அந்த மூக்கு அழகுக்காக வந்ததன்று. இத்தனை செய்தும் இறங்கும் வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்.

இன்னொரு சிக்கல், தராசைப் போன்றது. ஒலிவேகத்தைக் கடக்கும்போது இறக்கையின் தூக்குவிசை செயல்படும் இடம் பின்னோக்கி நகர்கிறது. கான்கார்டில் ஏறத்தாழ 2 மீட்டர். தாங்கும் இடம் பின்னே போனால் மூக்கு கவிழும். வால் இறக்கையைக் கொண்டு சரிசெய்யலாம் என்றால் கான்கார்டுக்கு அது இல்லை. இருந்தாலும் தடைதான் கூடும். எனவே விமானத்தின் எடையையே நகர்த்தினார்கள். முன்தொட்டிகளிலிருந்து சுமார் 20 டன் எரிபொருளைப் பம்பு செய்து பின்னே அனுப்பினார்கள். வேகம் குறையும்போது மீண்டும் முன்னே கொண்டுவந்தார்கள். தலைச்சுமையோடு மேடேறுபவர் சுமையை முன்பின் நகர்த்திக்கொள்வது போன்ற வேலைதான்.

மூன்றாவது, இஞ்சினின் வாய். ஜெட் இஞ்சினால் ஒலியை மிஞ்சி வரும் காற்றை விழுங்க முடியாது. இஞ்சினுக்கு முன்னால் பெட்டி வடிவக் குழாய் அமைத்து, அதன் கூரையில் அசையும் தகடுகளை வைத்தார்கள். அந்தத் தகடுகள் சிறிய அதிர்ச்சி அலைகளை வேண்டுமென்றே உண்டாக்கின. மாக் 2இல் வந்த காற்று, மூன்றரை மீட்டர் தூரத்துக்குள் மாக் அரையளவுக்குத் தணிந்தது. அதன் அழுத்தமும் ஏறியது. வெளியே பகையாக இருந்த அதிர்ச்சி அலை உள்ளே வேலையாளாயிற்று. புறப்படும்போதும், ஒலிவேகத்தைக் கடந்து மாக் 1.7 எட்டும் வரையிலும், வெளியேறும் புகையில் எரிபொருளைத் தெளித்து மறுபடி எரித்துக் கூடுதல் உந்துதல் பெற்றார்கள். அதன்பின் அது தேவைப்படவில்லை. மாக் 2இல் மணிக்கணக்காகப் பறக்க நல்ல வடிவமே போதுமானதாயிற்று.

வேகத்துக்கு மேல் எல்லையாக நின்றது வெப்பம். 18 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று உறைநிலைக்கும் 50 டிகிரிக்கு மேல் கீழே இருக்கும். ஆனால் காற்று அமுக்கப்பட்டதால் கான்கார்டின் மூக்கு 127 டிகிரி வரை சுட்டது. விமானம் முழுவதும் சூடாகி 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டது. இதற்கு மேல் அலுமினியக் கலவை தாங்காது என்பதாலேயே மாக் 2 அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

வடிவத்தால் வெல்ல முடியாதது

மூக்கிலிருந்து விரியும் கூம்பை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அது வானத்தோடு முடிந்துவிடுவதில்லை. தரை வரை வந்து தொடுகிறது. தொடும் இடத்தில் பீரங்கி வெடித்தாற்போல் ஓசை கேட்கும். மூக்கின் அலை ஒன்று, வாலின் அலை ஒன்று என்று பெரும்பாலும் இரட்டை வெடி. சாட்டையை வீசினால் 'சடார்' என்கிறதல்லவா? அதன் நுனி ஒலியை முந்துவதால் எழும் ஓசை அது. அதே நிகழ்ச்சிதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது.

விமானம் ஒலிவேகத்தைக் கடக்கும் ஒரு கணத்தில் மட்டும் இந்த வெடி கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. படகின் அலை கரை நெடுகிலும் வந்து மோதுவதுபோல், விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் வழி நெடுகிலும் வெடியோசை தரையில் இழுபட்டுக்கொண்டே செல்லும். 18 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால், கீழே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்துக்கு அது கேட்கும். உள்ளே அமர்ந்திருக்கும் நூறு பேருக்கோ எதுவும் கேட்காது!

1964இல் அமெரிக்காவின் ஒக்லஹாமா நகரில் போர் விமானங்களைக் கொண்டு ஆறு மாதம் சோதனை நடத்தினார்கள். மொத்தம் 1,253 வெடிகள். முடிவில், நகர மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இதோடு வாழ முடியாது என்று கூறிவிட்டார்கள். 1973இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறப்பதைத் தடை செய்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் இரண்டு கான்கார்டுகள் வாங்கும் உரிமையை ஏர் இந்தியா பெற்றிருந்தது, பின்னர் கைவிட்டது. லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் கான்கார்ட் விடப்பட்டபோது, இந்தியா தன் நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிய வேகத்துக்கு இசையவில்லை. மலேசியாவும் எதிர்ப்புத் தெரிவித்தது. விட்டு விட்டு நடந்த அச்சேவை 1980இல் நின்றது. அந்த வெடி எப்படி இருக்கும் என்பதைப் பெங்களூர்வாசிகள் 2020 மே 20 அன்று ஓரளவு உணர்ந்தார்கள். வீடுகளின் ஜன்னல்கள் அதிர, நிலநடுக்கமோ என்று அஞ்சினார்கள். நகருக்கு வெளியே உயரத்தில் பறந்த விமானப்படையின் சோதனை விமானமே காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது.

டில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 1,760 கிலோமீட்டர். கான்கார்டின் வேகத்தில் அது 50 நிமிடத் தூரம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகத் தட்கல் டிக்கெட்டுக்கு அலையும் நமக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வழியில் ஆக்ராவும் போபாலும் நாகபுரியும், எண்ணற்ற ஊர்களும் இருக்கின்றன. தொட்டில் குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். நூறு பேரின் ஒரு மணி நேரச் சேமிப்புக்காக அத்தனை வீடுகளின் ஜன்னல்களை அதிர வைக்கலாமா என்பதே கேள்வி. உலக நாடுகள் கூடாது என்றன. கடல்வழிகள் மட்டும் மிஞ்சின.

செலவும் குறைவில்லை. ஒரு டன் காற்றுத்தடைக்கு எத்தனை டன் எடையைத் தாங்க முடியும் என்பது இறக்கையின் திறமைக்கு அளவுகோல். போயிங் 747 ஏறத்தாழ 17 டன் தாங்கும்; மாக் 2இல் கான்கார்ட் சுமார் 7 டன்தான் தாங்கியது. புறப்படும்போது 185 டன் இருந்த விமானத்தில் பாதிக்கு மேல் எரிபொருளே. மொத்தம் 20 விமானங்கள் கட்டப்பட்டன. 14 மட்டுமே பயணிகள் சேவைக்கு வந்தன. சோவியத் நாட்டின் டியூ-144 கான்கார்டுக்கும் முன்னதாக 1968 டிசம்பர் 31 அன்று பறந்தாலும், 55 பயணிகள் பயணங்களோடு 1978இல் நின்றுபோயிற்று. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே ஒரு கான்கார்ட் விழுந்து 113 பேர் உயிரிழந்தனர். 2003இல் சேவை முற்றிலும் முடிந்தது.

கதை முடியவில்லை. வடிவத்தால் வெடியையே மென்மையாக்கலாம் என்கிறது புதிய முயற்சி. அமெரிக்காவின் நாசா, எக்ஸ்-59 என்ற சோதனை விமானத்தை 2025 அக்டோபர் 28 அன்று முதன்முதலாகப் பறக்கவிட்டது. 30 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூக்குதான். விமானிக்கு முன்ஜன்னலே கிடையாது. காமிரா காட்டும் திரையைப் பார்த்தே ஓட்டுகிறார். அதிர்ச்சி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வெடியாகாதபடி அவற்றைச் சிதறவைப்பதே இவ்வடிவத்தின் நோக்கம். வெடிக்குப் பதில் மெல்லிய 'தொம்' என்ற ஓசைதான் தரைக்கு வரவேண்டும். அதைக் கீழே வாழும் மக்கள் ஏற்கிறார்களா என்று அவர்களிடமே கேட்டறிவதும் திட்டத்தின் பகுதி. கான்கார்டின் வடிவம் உள்ளே இருந்தவர்களுக்காக வரையப்பட்டது. இந்த வடிவம் கீழே இருப்பவர்களையும் மனத்தில் வைத்து வரையப்பட்டிருக்கிறது. நல்ல முன்னேற்றம் என்றே கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. எக்ஸ்-59 மாக் 1.4 வேகத்தில் பறந்தால், அதன் அலைக்கூம்பின் பாதிக் கோணம் ஏறத்தாழ எவ்வளவு?

2. கான்கார்ட் 18 கி.மீ. உயரத்தில் மாக் 2இல் தலைக்கு நேர் மேலே கடந்து செல்கிறது. வெடியோசை நம் காதுக்கு எட்டும்போது அது எவ்வளவு தூரம் போயிருக்கும்? (கூம்பு நேர்க்கோடாகத் தரையைத் தொடுவதாகக் கொள்க.)

3. ஒலிவேகத்தைக் கடந்ததும் எரிபொருளைப் பின்னே அனுப்பாவிட்டால் விமானத்தின் மூக்கு எப்பக்கம் போகும்?

விடைகள்: 1. சுமார் 45 பாகை. 2. 18ஐ 30 பாகையின் டான் மதிப்பால் வகுத்தால், சுமார் 31 கி.மீ. 3. கீழ்நோக்கி.